பல் மருத்துவம் பாடமான வரலாறு

சாந்தோமில் நமது அண்டை வீட்டு மாணவி ஒருவர் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு பயில்கிறார். கலங்கரை விளக்கம் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே கல்லூரி. அண்மையில் ஒரு மாலை, மெழுகுக் கட்டியில் தாம் செதுக்கிய கடைவாய்ப் பல் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பல்லின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் விரலுக்குப் பழக வேண்டும் என்பதற்காக முதலாண்டில் இப்படிச் செதுக்க வைக்கிறார்களாம். "ஹஜ்ரத், அபுல்காசிஸ் என்றொரு பெயரை வகுப்பில் சொன்னார்கள். அவர் நம்மவரா?" என்று கேட்டார்.

ஆம் என்றோம். பின்னர், "உங்கள் படிப்பை இந்த நாட்டில் தொடங்கி வைத்தவர் யாரென்று தெரியுமா?" என்று நாம் கேட்டதற்கு அவரிடம் விடையில்லை. அவரைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. ஸஹ்ராவியின் பெயரை மேடைதோறும் முழங்கிய நாமும், ரஃபியுத்தீன் அஹ்மதின் பெயரை ஐம்பது வயதைத் தாண்டிய பின்னரே அறிந்தோம்.

மேலை நாட்டார் அபுல்காசிஸ் என்றழைக்கும் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவர், கி.பி. 1013-ஐ ஒட்டி மறைந்தார். அவருடைய 'அத்தஸ்ரீஃப்' முப்பது மகாலாக்களைக் கொண்ட பெருநூல். அறுவை மருத்துவம் அதன் இறுதி மகாலாவில்தான் வருகிறது. தம் மாணவர்களை 'மக்களே' என விளித்து, மற்றவற்றையெல்லாம் முடித்த பின்னர் இதனைக் கொண்டு நூலை நிறைவு செய்வதாக அவர் கூறுகிறார். கத்தியைக் கடைசியில் கையில் கொடுத்த ஆசிரியர் அவர். உடற்கூறு கற்காதவன் இத்தொழிலில் இறங்கினால் உயிர்களைக் கொல்வான் என்பது அவருடைய உறுதியான கருத்து. பெண்ணொருத்தியின் கழுத்துக் கட்டியைக் கீறிய அறியாமை மிக்க வைத்தியர் ஒருவர், அங்குள்ள இரத்தக் குழாய்களையும் வெட்டிவிட, அவள் அங்கேயே இறந்ததைத் தாம் கண்ட செய்தியாகப் பதிவு செய்கிறார்.

பல் பிடுங்குவது பற்றிய பகுதியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். பல்லைக் காப்பாற்ற எல்லா வழிகளையும் முயன்று பார்த்த பின்னரே பிடுங்க வேண்டும். எந்தப் பல் வலிக்கிறது என்பதில் நோயாளியே ஏமாறுவதுண்டு. நல்ல பல்லைப் பிடுங்கச் செய்துவிட்டு வலியோடு திரும்புவான். ஹஜ்ஜாம்களின் கையில் இது நடப்பதை அவர் கண்டிருக்கிறார். முறையறியாத அவர்கள் வேரை உள்ளே விட்டுப் பல்லை ஒடிப்பதையும், தாடை எலும்பையே பெயர்த்துவிடுவதையும் கண்டிக்கிறார். ஈற்றைச் சுற்றிலும் விலக்கி, பல்லைச் சிறிது சிறிதாக அசைத்து, பின்னர் நேராக எடுக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. பற்காறையைச் சுரண்டுவதற்குப் பதினான்கு கருவிகளை வரைந்து காட்டுகிறார். பல்லின் உட்புறம், வெளிப்புறம், இடுக்கு என ஒவ்வோர் இடத்திற்கும் ஒவ்வொரு வடிவம். ஒரே அமர்வில் காறை நீங்காவிட்டால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடர வேண்டும் என்கிறார்.

ஆடும் பற்களைப் பொன் கம்பியால் கட்டும் முறையையும் அவர் விவரிக்கிறார். வெள்ளி சில நாள்களில் நிறம் மாறிக் கெடும். பொன் கெடாது என்பது அவர் தரும் காரணம். இவ்விடத்தில் ஃபிக்ஹு மாணவர்களுக்கு அர்ஃபஜா (ரலி) அவர்களின் செய்தி நினைவுக்கு வரும். குலாப் போரில் மூக்கை இழந்த அவர் வெள்ளி மூக்குப் பொருத்தியிருந்தார். அது நாற்றமெடுக்கவே, பொன்னால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பல்லைப் பொன்னால் கட்டலாமா என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் அவர்தம் மாணவர் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களும் கருத்து வேறுபட்டதை ஹனஃபி கிதாபுகளில் நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம். சட்ட மேதைகளின் அவையும் மருத்துவரின் மேசையும் ஒரே உலோகத்தைப் பற்றிப் பேசியிருக்கின்றன. நம் வகுப்புகளில் இதனை எடுத்துச் சொல்வார் குறைவு.

அத்தஸ்ரீஃபின் அறுவைப் பகுதியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரிமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பியர் அதனைப் பல நூற்றாண்டுகள் பாடமாகக் கற்றனர். நம் நாட்டிலோ பல்லைப் பார்ப்பது கைவழக்கமாகவே நீண்ட காலம் இருந்தது. சென்னையில் சீன வம்சாவளிக் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பல் கட்டி வந்ததை முதியோர் அறிவர். தந்தையிடம் மகன் கற்ற தொழில் அது. அதில் திறமை இருந்திருக்கலாம். ஆனால் மற்றவர் மகன் வந்து கற்க அங்கே இடமில்லை.

அந்த இடத்தை உருவாக்கியவரே டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத். கிழக்கு வங்கத்தில் 1890-இல் பிறந்தவர். அமெரிக்கா சென்று அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பாஸ்டனில் குழந்தைகளுக்கான ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் பணியாற்றிவிட்டுத் தாயகம் திரும்பி, 1920-இல் கல்கத்தாவில் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அதுவே. அதற்கான பொருள் எங்கிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்ற பெயரில் அவர் நடத்திய குளிர்பானக் கடையின் வருவாய் கல்லூரிக்குச் சென்றது. இனிப்புப் பானம் விற்றுப் பல் மருத்துவம் வளர்த்தார் என்று நண்பரொருவர் நகைப்பதுண்டு.

தொடக்கத்தில் மாணவர் மிகச் சிலர், படிப்பும் குறுகியது. அதனைப் படிப்படியாக நீட்டி நான்காண்டாக்கினார். பாடம் நடத்த இந்நாட்டு நூல் இல்லாததால் 1928-இல் மாணவர்க்கான கையேட்டைத் தாமே எழுதினார். அதற்கு முன்னரே, 1925-இல், பல் மருத்துவ இதழொன்றையும் தொடங்கியிருந்தார். ஃபாத்திமா ஜின்னா அங்குப் பயின்று 1923-இல் பம்பாயில் சொந்த மருத்துவமனை திறந்தார். பெண்கல்வி பற்றி நம் சமுதாயம் இன்னும் தயங்கித் தயங்கிப் பேசுவதைக் கேட்கும்போது அந்த ஆண்டை நாம் நினைத்துக்கொள்வோம். தாம் கட்டி வளர்த்த கல்லூரியை அஹ்மத் 1949-இல் அரசிடம் ஒப்படைத்தார். மேற்கு வங்க அமைச்சராகவும் இருந்து, 1964-இல் பத்ம பூஷண் பெற்று, அடுத்த ஆண்டே மறைந்தார். அவர் பிறந்த டிசம்பர் 24 இன்று தேசியப் பல் மருத்துவர் நாள்.

1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம், பட்டம் பெற்றோரை ஒரு பிரிவிலும், பட்டமின்றித் தொழில் செய்து வந்தோரை மறு பிரிவிலும் பதிவு செய்தது. கைவழக்கத்திலிருந்து கல்விக்கு நாடு கடந்து சென்ற பாலம் அந்த இரண்டு பட்டியல்கள். சென்னையில் 1953-இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கிப் பின்னர்த் தனிக் கல்லூரியாயிற்று. அதில்தான் நம் அண்டை வீட்டுப் பெண் பயில்கிறார்.

அவர் விவரித்த பாட வரிசை நம்மை வியப்பில் ஆழ்த்தியது. முதலாண்டில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல், பல்லின் அமைப்பு. இரண்டாம் ஆண்டில் நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல். அத்துடன் பல் அடைக்கவும் கட்டவும் பயன்படும் பொருள்களைப் பற்றிய தனிப் பாடம். வெள்ளியா, பொன்னா என்ற பழைய கேள்வி இன்று ஒரு தேர்வுத் தாளாகிவிட்டது. பல் குடைந்து அடைப்பதை முதலில் பொம்மைத் தலையில் பழகுகிறார்கள். மூன்றாம் ஆண்டில் பொது மருத்துவமும் பொது அறுவையும் கற்றவாறே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஈறு, வேர், பல்வரிசைச் சீரமைப்பு, குழந்தைப் பல் மருத்துவம், வாய் அறுவை என எட்டுப் பாடங்களுக்கு இறுதியாண்டில் தேர்வு. அதன்பின் துறை துறையாகச் சுழன்று ஓராண்டுப் பயிற்சி. கருவி நோயாளியின் வாய்க்குள் செல்வதற்கு முன் இரண்டு முழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

நம் அலமாரியிலிருந்து அத்தஸ்ரீஃபின் அறுவைப் பகுதியை எடுத்து, பதினான்கு சுரண்டிகள் வரையப்பட்ட பக்கத்தை அவர் முன் விரித்தோம். அரபு எழுத்துகளை ஓதத் தெரியும், பொருள் தெரியாது. எனினும் படங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "இது கீழ்த்தாடை முன்பல்லின் உட்பக்கத்துக்கு" என்று ஒன்றைக் காட்டினார். பின்னர் மெழுகுப் பல்லைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, "இதையெல்லாம் எங்கள் கையில் தர இன்னும் நாளாகும், ஹஜ்ரத்" என்றார்.