கோட்டா

'எத்தனையாவது பங்கு?' என்று கேட்கும் 'க்வோட்டா பார்ஸ்' என்ற லத்தீன் தொடரிலிருந்து பிறந்த சொல். ரயில் டிக்கெட், கல்லூரி இடம் என நாம் புழங்கும் 'கோட்டா'வில் பங்கு என்ற பழைய பொருள் அப்படியே இருக்கிறது. எடையிட்ட வாக்கெடுப்பில் மட்டும் பொருள் நகர்ந்துவிட்டது. உறுப்பினருக்கு உறுப்பினர் வாக்குகளின் எண்ணிக்கை மாறும் அவையில், ஒரு தீர்மானம் நிறைவேறத் தேவையான குறைந்தபட்ச வாக்குகளே அங்கே கோட்டா.

அந்த வரம்புதான் யார் கை ஓங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. 1958-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் அமைச்சர்கள் அவையில் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலிக்குத் தலா 4 வாக்கு; பெல்ஜியம், நெதர்லாந்துக்குத் தலா 2; லக்சம்பர்க்குக்கு 1. மொத்தம் 17, கோட்டா 12. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் லக்சம்பர்க்குக்குக் கிடைத்தது தாராளமான பங்கு. ஆனால் மற்ற ஐவரின் வாக்குகளும் இரட்டைப்படை. எப்படிக் கூட்டினாலும், கோட்டாவுக்கு ஒரே ஒரு வாக்கு குறையும் 11 வராது. ஆகவே 12 வாக்கு மட்டுமே போதுமான எந்த முடிவும் லக்சம்பர்க்கின் ஒற்றை வாக்கால் மாற வழியில்லை. கோட்டா 13 ஆக இருந்திருந்தால், மூன்று பெரிய நாடுகளும் சேர்ந்து 12-இல் நின்று லக்சம்பர்க்கையும் நாடியிருக்கலாம்!

வாக்கு வேறு, வலிமை வேறு என்பதை 1946-இல் பென்ரோஸ் என்ற ஆய்வாளரும் 1965-இல் பான்சாஃப் என்பவரும் கணக்கிட்டே காட்டினார்கள். வாக்குகளைப் பங்கிடும்போதே இந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்பதுதான் நியாயம்.

பன்னாட்டு நிதியத்தில் இன்றும் 'கோட்டா' என்றால் உறுப்பு நாட்டின் பங்குதான். அங்கே முக்கிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்கு வேண்டும். 16 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கும் அமெரிக்கா தனியாகவே அவற்றைத் தடுத்துவிடலாம்.