அயலார் கண்ணில் நம் தட்டு: பயணக்குறிப்பு முதல் காணொளி வரை

மல்லேஸ்வரம் மார்கோசா சாலையில், வெண்ணெய் மசாலா தோசைக்குப் பெயர்பெற்ற சி.டி.ஆர். உணவகத்தின் முன் காத்திருப்போரிடையே கேமரா ஏந்திய வெளிநாட்டவரையும் சில நாட்களில் காணலாம். அவர்தம் பத்து நிமிடக் காணொளி, பெங்களூரைக் கண்டிராத பல்லாயிரவர்க்கு அந்நகரின் முகமாகிவிடுகிறது. உணவின் வழியே அயலார் ஒரு நாட்டை வரைவது இம்மண்ணில் ஐந்நூற்றாண்டுப் பழமையுடையது.

1520ஆம் ஆண்டளவில் விஜயநகரத்தைக் கண்ட தொமிங்கோ பயஸ், அங்காடிகளில் ஆட்டிறைச்சி, பன்றியிறைச்சி, கோழி ஆகியவற்றின் பெருக்கத்தையும் மலிவையும் வியந்து எழுதினார். 1510இல் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியரின் வாணிகக் கண் அது. திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் ஆணைப்படி மைசூர் நாட்டை ஆராயப் புறப்பட்ட பிரான்சிஸ் புக்கானன், புன்செய்யின் தலையாய பயிராகவும் எளியோரின் அன்றாட உணவாகவும் கேழ்வரகைக் குறித்தார். 1807இல் லண்டனில் வெளியான அவரது நூல், நிலத்தின் வளத்தை அளக்கும் கம்பெனியின் கண்ணால் எழுதப்பட்டது.

இன்றைய கேமராவின் அளவுகோல் பார்வையாளர் எண்ணிக்கை. 1898இன் பிளேக் நோய்க்குப் பின் நகர் நெரிசலைத் தவிர்க்க விரிவாக்கப்பட்ட மல்லேஸ்வரத்தின் சிற்றுண்டிப் பண்பாடு, பெங்களூர் மக்களில் ஒரு பகுதியினரின் வரலாறு. அதுவே முழு நகரின் உணவாகக் காட்டப்படும்போது கேழ்வரகுக் களியும் கறிக்குழம்பும் சட்டகத்திற்கு வெளியே நின்றுவிடுகின்றன. 2014ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலுமான இந்தியரில் சுமார் 71 விழுக்காட்டினர் புலால் உண்போர். மறுபுறம், தெருவோர அழுக்கை மட்டுமே தேடிப் படம்பிடிக்கும் காணொளிகளும் பெருகியுள்ளன. தூய சைவ நாடு, அருவருப்பான நாடு என்னும் இவ்விரு சித்திரங்களும் ஒரே சந்தைக்கென வரையப்படுபவையே.

முன்னைய காலத்தோடு ஒரு வேறுபாடு உண்டு. புக்கானன் கண்ட உழவர் அவர் நூலைப் படித்திருக்க வாய்ப்பில்லை. இன்று தோசை வார்ப்பவர் தம் காணொளியைத் தம் கைபேசியிலேயே காண்கிறார். கேமரா விரும்புவதைக் கடைகள் பெருக்குகின்றன. அது விரும்பாதது மெல்ல மங்குகிறது. அயலார் வரைந்த சித்திரத்தை ஊரே நடித்துக் காட்டத் தொடங்குகிறது.

ஆய்வு மாணவர்கள் இக்காணொளிகளைப் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடலாகாது. பயஸிடம் கேட்கும் வினாக்களையே இவற்றிடமும் கேட்போம்: வந்தவர் யார், செலவை ஏற்றவர் யார், வழிகாட்டி மொழிபெயர்த்தவர் யார், எந்தத் தெருவில் அவர் நுழையவில்லை? நாளைய வரலாற்றாசிரியர்க்கு நம் காலத்து உணவின் சான்றாக இவையே மிகுதியாய் எஞ்சக்கூடும். அவற்றில் இடம்பெறாத அடுப்புகளை இன்றே பதிவு செய்வது நம் கடமை.