துவக்கும் கமராவும்: திருகோணமலைப் பயணிகளின் சுமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்றாசிரியர் தம் சான்றுகளுள் ஒன்றாகப் புகைப்படத்தை ஏற்றுக்கொண்டு நெடுங்காலமாயிற்று. படத்திலே காணப்படுவது யாது, அதனை எடுத்தவர் யார், எடுத்த ஆண்டு எது என்னும் வினாக்கள் முறையாக எழுப்பப்படுகின்றன. ஆனால், அப்படத்தை எடுத்த கருவியின் பாரம் எவ்வளவு என்ற வினா அரிதாகவே எழுகின்றது. காட்டுவழியே நடந்து செல்பவர் சுமக்கக்கூடிய சுமைக்கு ஓர் எல்லை உண்டு. அரிசி, நீர், கூடாரம், மருந்து, துவக்கு, தோட்டா ஆகியவற்றின்பின் எஞ்சும் இடமே கமராவுக்குரியது. அவ்விடத்துக்குப் பொருந்திய கருவி எதுவோ, அதற்கு அகப்பட்டவை மட்டுமே படமாகிப் பிற்காலத்தார்க்குச் சான்றாயின. இவ்வுண்மையைக் கடலும் காடும் அருகருகே அமைந்த திருகோணமலைப் பிரதேசத்திலே தெளிவாகக் காணலாம்.

திருகோணமலையின் இயற்கைத் துறைமுகம் ஐரோப்பியர் பலரை ஈர்த்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் எனப் பலரும் அதன்மீது கண்வைத்தனர். துறைமுகத்தை விட்டு உள்ளே செல்பவர்க்கோ தம்பலகாமத்து வயல்களையும் கந்தளாய்க் குளத்தையும் அடுத்துப் பெருங்காடே எதிர்ப்பட்டது. தெற்கே கொட்டியாரக் குடாவைக் கடந்தால் மூதூர், வெருகல் என வழி நீண்டது. புகையிரதப் பாதை 1927 ஆம் ஆண்டிலேதான் திருகோணமலையை வந்தடைந்தது. அதற்கு முன்னர் கண்டியிலிருந்து வருபவர் மாட்டுவண்டியையோ குதிரையையோ தம் கால்களையோ நம்பியே வந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்காடுகளுக்குள் நுழைந்த ஐரோப்பியரின் முதன்மைக் கருவி துவக்காகும். சாமுவேல் பேக்கர் 1854 இல் வெளியிட்ட இலங்கை வேட்டை நூல் மின்னேரியா முதலிய இடங்களில் அவர் நிகழ்த்திய யானை வேட்டைகளைப் பெருமிதத்துடன் விவரிக்கின்றது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848 க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் 3,500 யானைகள் கொல்லப்பட்டன என்று எமர்சன் தெனன்ற் பதிவு செய்துள்ளார். யானையைக் கொன்றோர்க்கு அரசு வெகுமதி வழங்கிய காலம் அது. அவ்வேட்டைகள் சொற்களாகவும் சித்திரங்களாகவும் எஞ்சினவேயன்றிப் புகைப்படங்களாக எஞ்சவில்லை.

இதற்குக் காரணம் ஆர்வமின்மை அன்று; கருவியின் இயல்பே. பிரெடெரிக் ஸ்கொட் ஆச்சர் 1851 இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையிலே கண்ணாடித் தகட்டில் இரசாயனத்தைப் பூசி, அது உலருமுன் படமெடுத்து, உடனேயே கழுவவும் வேண்டும். ஆகவே மரப்பெட்டிக் கமரா, முக்காலி, கண்ணாடித் தகடுகள், இரசாயனப் போத்தல்கள், இருட்டுக் கூடாரம் யாவும் உடன்செல்ல வேண்டியிருந்தது. இமயமலைச் சாரலிற் படமெடுத்த சாமுவேல் போர்ன் பல பத்துச் சுமையாட்களுடன் பயணஞ் செய்தார். இலங்கையில் 1870–71 காலப்பகுதியில் அரசின் பொருட்டு அநுராதபுரம், பொலன்னறுவை முதலிய இடங்களைப் படமெடுத்த ஜோசப் லோட்டனின் பணியும் இத்தகைய பாரத்தைச் சுமந்தே நடைபெற்றது. வெப்பமிகு நாட்டில் தகடு விரைவில் உலர்ந்துவிடும் இடர்ப்பாடும் சேர்ந்துகொண்டது. இத்தகைய கருவிக்கு முன் அசையாது நிற்பவை தூபிகளும் தூண்களும் கோட்டை மதில்களுமே. ஓடும் மானுக்கும் வலைவீசும் மனிதனுக்கும் அங்கு இடமில்லை. பழைய படங்களில் ஈழநாடு பாழடைந்த கட்டடங்களின் நாடாகத் தோன்றுவதற்கு ஆட்சியாளரின் நோக்கு மட்டுமன்றிக் கருவியின் பாரமும் ஒரு காரணமாகும்.

முன்கூட்டியே செய்து கொண்டுசெல்லத்தக்க உலர்தகடுகள் 1870 களின் பிற்பகுதியிற் சந்தைக்கு வந்தன. இருட்டுக் கூடாரத்தை ஒவ்வோரிடத்திலும் அடிக்கும் தேவை ஒழிந்தது. 1883 இல் இலங்கைக்கு வந்த சுவிற்சர்லாந்து அறிஞர்களான போல் சரசின், பிரிற்ஸ் சரசின் ஆகியோர் திருகோணமலைக் கடலுயிர்களை ஆராய்ந்ததோடு, வேடர் பற்றியும் விரிவாக ஆராய்ந்து, பெரிய படத்தொகுதி ஒன்றுடன் நூல் வெளியிட்டனர். கருவி காட்டுக்குள் வந்துவிட்டது. மனிதரும் படத்துள் வந்தனர். எவ்வாறு வந்தனர் என்பதே சிந்திக்கத்தக்கது. முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் காட்டி, அளவெடுக்கப்படும் பொருள்களாகவே அவர்கள் நிறுத்தப்பட்டனர். செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட 'வேடர்' என்னும் நூல் கிழக்குக் கரையிலே தமிழ் பேசி வாழ்ந்த கரையோர வேடரையும் குறிப்பிடுகின்றது. காட்டுப் பாதையைக் காட்டியவர்களும் விலங்கின் தடத்தைக் கண்டு சொன்னவர்களும் இத்தகைய மக்களே. எனினும், அவர்கள் கையிற் கமரா இருக்கவில்லை.

சுருட் பிலிமின் வருகை இந்நிலையை மாற்றத் தொடங்கியது. 1888 இல் கொடாக் கமராவும், 1912 இல் சட்டைப் பையில் அடங்கும் 'வெஸ்ற் பொக்கற்' கொடாக்கும் வெளிவந்தன. 1925 இல் சினிமாப் பிலிமைப் பயன்படுத்தும் லைக்கா விற்பனைக்கு வந்தது. ஒரு சுருளிலே 36 படங்கள். படமொன்றின் அளவோ 24 க்கு 36 மில்லிமீற்றர் மாத்திரமே. 1929 இல் தோன்றிய ரொலிபிளெக்ஸ் பின்னர் ஒரு சுருளிலே ஆறு சென்ரிமீற்றர் சதுரப் படங்கள் பன்னிரண்டைத் தந்தது. காட்டுப் பயணியின் தெரிவு இங்கேதான் உண்மையான தெரிவாயிற்று. தகட்டுக் கமராவின் படம் நுணுக்கமானது, ஆனால் பாரமானது. லைக்கா தோளுக்கு இலேசானது. ஆனால் அதன் சிறு படத்தைப் பெருப்பிக்கும்போது நுணுக்கம் குன்றும். தொலைவிலுள்ள விலங்கைப் படமெடுக்க வேண்டுமாயின் நீண்ட வில்லை வேண்டும். அதனைப் பொருத்தினால் இலேசென்னும் நயம் பாதி போய்விடும். விலங்குகள் வெளிப்படும் அதிகாலையிலும் மாலையிலுமோ அக்காலத்து மந்தமான பிலிமுக்குப் போதிய வெளிச்சமில்லை. இவற்றோடு ஈரக்காற்றினால் வில்லையிற் பூஞ்சணம் படர்தலும், தோற்பகுதிகள் பழுதுறுதலும், கழுவும் நீர் வெம்மையுற்றாற் படப்பூச்சு இளகுதலும் வெப்பநாட்டிற்கே உரிய தொல்லைகள். தேக்கு மரத்தாலும் பித்தளையாலும் அமைந்த வெப்பநாட்டுக் கமராக்கள் இதன்பொருட்டே விற்கப்பட்டன. அவை ஈரத்தைத் தாங்கின, தோளைத் தளர்த்தின.

கருவி இலேசாகியபோது வேட்டையின் பொருளும் மாறத் தொடங்கியது. ஆபிரிக்காவில் எட்வேட் பக்ஸ்ரன் போன்றோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே துவக்குக்குப் பதிலாகக் கமராவை எடுத்துச் செல்லுமாறு வற்புறுத்தினர். இலங்கையிலே அறுவை மருத்துவரும் எழுத்தாளருமான ஆர். எல். ஸ்பிற்றல் 1924 இல் 'வைல்ட் சிலோன்' என்னும் நூலை வெளியிட்டார். வேட்டையில் ஈடுபட்டிருந்த அவர் பின்னர் வனவிலங்குப் பாதுகாப்பின் முன்னோடிகளுள் ஒருவரானார். 1937 இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. துவக்கால் வேட்டையாடுபவருக்கு விலங்கு எட்டும் தூரத்தில் இருந்தாற் போதும். கமராவுடன் செல்பவர் அதனினும் அண்மிக்க வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். அக்காத்திருப்பு விலங்கின் வாழ்வைக் கவனிக்கப் பழக்கியது. நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. பிரித்தானியர் காலத்திற் சுட்டுப் பயிலும் இடமாயிருந்த அத்தீவு 1963 இற் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது.

பாரம் என்னும் சொல்லுக்குக் கடல் வேறொரு பொருளைக் கொடுத்தது. 1954 இல் ஹான்ஸ் ஹாஸ் என்னும் ஒஸ்திரிய சுழியோடியின் முயற்சியால் ரொலிபிளெக்ஸைத் தன்னுள் அடக்கும் 'ரொலிமரின்' உலோகக்கூடு உருவாயிற்று. கரையிலே பெருஞ்சுமையான அது நீருக்குள் இலகுவாகக் கையாளத்தக்கதாயிற்று. ஆயினும் பன்னிரண்டு படங்கள் முடிந்தவுடன் சுழியோடி மேலே வந்தாக வேண்டும். இக்காலத்திலேதான், 1956 இல், ஆதர் சி. கிளார்க்கும் புகைப்படக் கலைஞரான மைக் வில்சனும் சுவாமி மலையடிக் கடலிற் சுழியோடி, போர்த்துக்கேயர் 1622 இல் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். அடுத்த ஆண்டு கிளார்க்கின் 'த றீவ்ஸ் ஒவ் தப்ரபேன்' வெளிவந்தது. இதனைக் கண்டுபிடிப்பு எனக் கூறும்போது எச்சரிக்கை வேண்டும். கோயில் இருந்ததையும் இடிக்கப்பட்டதையும் இவ்வூர் மக்கள் மறந்ததில்லை. பிரித்தானியர் காலத்திலும் மலையுச்சியில் வழிபாடு நடந்தது. மக்களின் நினைவிலிருந்ததைப் பிறர் மறுக்கவியலாத சான்றாக்கியதே நீருக்குள் இறங்கிய கமராவின் பணியாகும். கோயிலும் மீளக் கட்டப்பட்டு 1963 இற் குடமுழுக்குக் கண்டது. உலோகக்கூடே தேவைப்படாத 'நிக்கொனொஸ்' கமரா வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே.

1980 களின் முற்பகுதியில் 'ரியூலிப்' என்னும் பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர் திருகோணமலைக்கு அப்பாலுள்ள கடலிலே திமிங்கிலங்களை ஆராய்ந்தனர். முன்னைய ஆய்வாளர் திமிங்கிலத்தின் உடலில் உலோகக் குறியொன்றை எய்து, அது கொல்லப்படும்போதே அக்குறியை மீட்டனர். வால்துடுப்பின் வடிவத்தைப் படமெடுத்து ஒவ்வொன்றையும் இனங்காணும் முறை, உயிருடன் இருக்கும் விலங்கையே சான்றாக்கியது. துவக்கின் இடத்தைக் கமரா பெற்ற வரலாறு இங்கே முழுமையடைகின்றது எனலாம். ஆனால் 1983 க்குப் பின்னர் போர் அக்கடலை ஆய்வாளர்க்கும் மீனவர்க்கும் அடைத்தது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கமராவின் பாரம் குறையக் குறைய அதன் எல்லை விரிந்தது: கோட்டையிலிருந்து காட்டுக்கும், காட்டிலிருந்து கடலடிக்கும் அது சென்றது. எனினும், பாரம் குறைந்ததனால் மட்டும் அது இவ்வூர் மக்களின் கைக்கு வந்துவிடவில்லை. சுமந்தவர் ஒருவர், படமெடுத்தவர் வேறொருவர் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. அதனாலேயே வேடரின் முகங்களும் சுவாமி மலையடிக் கற்களும் பெரும்பாலும் பிறர் நூல்களிலே இடம்பெற்றுள்ளன. பிற்காலத்தில் இங்குள்ள குடும்பங்கள் எடுத்துவைத்த படங்களோ போரினாலும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையாலும் பெரிதும் அழிந்தன. எஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்து, படத்திலுள்ளோரின் பெயரையும் இடத்தையும் மூத்தோர் வாயிலாகக் கேட்டெழுதுதல் வரலாற்று மாணவர் உடனடியாக மேற்கொள்ள வேண்டிய பணியாகும். அப்பணிக்கு வேண்டிய கருவி இன்று எவருக்கும் பாரமானதன்று.