கவிழ்த்த பாத்திரம், சாத்திய கடை: பர்மாவின் காலை உணவும் இராணுவ ஆட்சி எதிர்ப்பும் (1974–2022)

மொஹிங்காவுக்கு அடுப்பு மூட்டுவது விடிவதற்கு வெகுநேரம் முன்பே. கெளுத்தி மீனை மஞ்சள், எலுமிச்சைப் புல், ஙபி எனப்படும் புளித்த மீன்விழுது சேர்த்து வேகவைத்து, முள்ளைப் பிரித்துச் சதையை உதிர்த்துக்கொள்வார்கள். தலையையும் முள்ளையும் எறிவதில்லை. அவற்றை இடித்து மறுபடி கொதிக்கவிட்டு வடித்தால் கிடைப்பதுதான் அடிச்சாறு. வெங்காயம், பூண்டு, இஞ்சி, வற்றல் மிளகாய் விழுதை எண்ணெயில் பச்சை வாசனை போக வதக்கி, உதிர்த்த மீனைப் போட்டுப் புரட்டுவார்கள். வறுத்த அரிசி மாவோ கடலை மாவோ கரைத்து ஊற்றச் சாறு கெட்டிப்படும். வாழைத்தண்டு வில்லையும் உரித்த சின்ன வெங்காயமும் கடைசியில் விழும். கிண்ணத்தில் அரிசிச் சேவையை வைத்து, மேலே சாறு ஊற்றி, அவித்த வாத்து முட்டை, நொறுக்கிய பருப்பு வடை, கொத்தமல்லித் தழை, மிளகாய்த் தூள் தூவி, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். வெயில் ஏறுவதற்குள் பானை காலியாகிவிடும்.

பர்மாவின் அரை நூற்றாண்டு இராணுவ ஆட்சியைப் பற்றிய நூல்கள் தளபதிகளையும் எல்லைப் போர்களையும் ஆங் சான் சூச்சியையும் பேசுகின்றன. இந்தக் கிண்ணம் அவற்றில் பெரும்பாலும் வண்ணனைக்காக வந்துபோகிறது. ஆனால் அரிசி, எண்ணெய், எரிபொருள், மீன் என்று அதற்குள் போகும் ஒவ்வொன்றும் அரசாங்கத்தின் ஏதோவொரு முடிவைச் சுமந்துகொண்டுதான் அங்கே வந்து சேர்கிறது. மறுதிசையிலும் அப்படியே: ஆட்சியை எதிர்த்தவர்களின் முடிவுகள் பலவும் காலை வேளையில், சாப்பாடு கைமாறும் இடத்தில் எடுக்கப்பட்டவை. அந்த எதிர்ப்பின் வடிவம் காலப்போக்கில் மாறியது என்பதே இக்கட்டுரையின் வாதம். முதலில் காலை உணவுக்கடை பேச்சுக்கான இடமாக இருந்தது. பிறகு உணவைக் கொடுப்பதும் ஏற்க மறுப்பதும் அரசியல் செயலாயின. கடைசியில் கடையைத் திறக்காமல் இருப்பதே போராட்டமானது.

தேநீர்க் கடை

ரங்கூனின் தேநீர்க் கடை, ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவிலிருந்து போனவர்கள் விட்டுச்சென்ற பழக்கம். கெட்டிப் பாலும் சர்க்கரையும் கலந்த கனத்த தேநீர், நான் ரொட்டியோடு அவித்த பட்டாணி, எண்ணெயில் பொரித்த சீன மாவுக்குச்சி, மொஹிங்கா எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். குட்டை மேசை, அதைவிடக் குட்டையான முக்காலி, காசு வாங்காமல் வைக்கும் பச்சைத் தேநீர்க் கூஜா. ஒரு கோப்பைக்குக் காசு கொடுத்தவர் மணிக்கணக்கில் உட்காரலாம். பத்திரிகைகள் தணிக்கையில் நசுங்கிய நாட்டில் செய்தி ஊர்ந்து போனது இந்த மேசைகள் வழியாகத்தான். இராணுவ உளவுத்துறைக்கும் இது தெரியும். அதன் ஆட்களும் அதே முக்காலியில் உட்கார்ந்து அதே தேநீரைக் குடித்தார்கள்.

1962இல் ஆட்சியைப் பிடித்த நே வின், 1964இல் கடைகளை நாட்டுடைமையாக்கினார். அந்தப் பத்தாண்டில் ஏறக்குறைய 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். அவர்களில் தமிழர் பலர். கப்பலேறிச் சென்னைக்கு வந்தவர்கள் நகையையும் சேமிப்பையும் கொண்டுவர முடியவில்லை, சமையலைக் கொண்டுவந்தார்கள். பாரிமுனைப் பக்கத்துத் தள்ளுவண்டிகளில் அத்தோ, பேஜோ என்ற பர்மியத் தீனிகளும் மொய்ங்கா என்றாகிவிட்ட மொஹிங்காவும் இன்றும் கிடைப்பது அதனால்தான். அங்கே விடியற்கால உணவாக இருந்தது இங்கே சாயங்காலத் தீனியாகிவிட்டது, மீனும் பெரும்பாலும் விடைபெற்றுவிட்டது. வாழைத்தண்டுச் சாறு மட்டும் பிடிவாதமாக நிற்கிறது.

நே வின்னின் சோஷலிசம் உணவைப் பங்கீட்டின் கீழ் கொண்டுவந்தது. ஒரு காலத்தில் உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாட்டில் 1967இல் அரிசிப் பஞ்சம் வந்தது. 1974 மே மாதம் எண்ணெய் வயல்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஜூனில் ரங்கூனின் தமைங் நூற்பாலைக்கும் சின்மலைக் கப்பல் கட்டும் தளத்துக்கும் பரவியது. தொழிலாளர் கேட்டதில் முதன்மையானது அரிசி. ஜூன் 6 அன்று படை சுட்டது. இறந்தவர்கள் 22 பேர் என்று அரசே ஒப்புக்கொண்டது. உணவுக் கோரிக்கையோடு தொழிலாளர் தெருவுக்கு வந்ததும் அரசு துப்பாக்கியால் பதில் சொன்னதுமாக, பிற்கால நிகழ்ச்சிகளின் அச்சு இங்கேயே வார்க்கப்பட்டுவிட்டது.

1987 செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மாற்றித் தருவதாக ஒரு பேச்சுகூட இல்லை. கையிலிருந்த காசு ஒரே நாளில் வெறும் காகிதமானபோது முதலில் தெருவுக்கு வந்தவர்கள் ரங்கூன் தொழில்நுட்பக் கழக மாணவர்கள். அந்தக் கோபம் அடங்கும் முன்பே, 1988 மார்ச் 12 அன்று, கழகத்துக்குப் பக்கத்திலிருந்த சந்தா வின் தேநீர்க் கடையில் எந்தப் பாட்டு நாடாவைப் போடுவது என்று மாணவர்களுக்கும் உள்ளூர் இளைஞர்களுக்கும் தகராறு வந்தது. (நே வின்னின் மகள் பெயரும் சந்தா வின்தான். தற்செயல் என்றாலும், ரங்கூன்காரர்கள் இதைச் சொல்லாமல் கதையை முடிப்பதில்லை.) மாணவரை அடித்தவன் அதிகாரி ஒருவரின் மகன் என்பதால் காவல்துறை அவனை விட்டுவிட்டது. மறுநாள் எதிர்ப்புத் தெரிவித்த மாணவர்கள்மீது சுட்டதில் போன் மோ என்ற மாணவர் இறந்தார். ஐந்து மாதத்தில் அது 8.8.88 எழுச்சியானது. ஜூலையிலேயே நே வின் பதவி விலகினார். செப்டம்பர் 18 அன்று இராணுவம் நேரடியாக ஆட்சியை எடுத்துக்கொண்டது.

இந்தத் தேநீர்க் கடைத் தகராறை எழுச்சியின் தற்செயலான தீப்பொறி என்று எழுதுவதே வழக்கம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. பொதுக்கூட்டம், சங்கம், சுதந்திரமான பத்திரிகை எல்லாம் மூடப்பட்ட நகரத்தில் மாணவனும் அதிகாரி மகனும் ஒரே கூரைக்குக் கீழ் உட்காரும் இடங்கள் சொற்பம். மோதல் அங்கே வெடித்ததில் தற்செயலின் பங்கு குறைவு.

பாத்திரம்

தேரவாத பௌத்தத்தில் பிக்கு நண்பகலுக்குப் பிறகு உணவு கொள்வதில்லை. ஆகவே காலையில் பிட்சைக்குப் புறப்பட்டாக வேண்டும். வரிசையாக வரும் பிக்குகளின் பாத்திரத்தில் வீட்டுக்காரர் சோறிடும்போது பிக்குவுக்கு உணவும் இட்டவருக்குப் புண்ணியமும் கிடைக்கின்றன. சங்கத்துக்குத் தீங்கிழைத்தவரிடம் பிட்சை பெறாமல் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுவது வினயப் பிடகமே அனுமதிக்கும் தண்டனை. வத்தன் என்ற லிச்சவி மீது இது விதிக்கப்பட்ட கதை அதில் உண்டு. தண்டிக்கப்பட்டவன் எதை இழக்கிறான் என்று வெளியாளுக்குச் சட்டென்று புரியாது. கொடுக்கும் உரிமையை இழக்கிறான். பகோடா கட்டியும் அதன் உச்சியில் குடை ஏற்றியும் தம் பாவத்துக்கு ஈடுகட்டிக்கொண்டிருந்த தளபதிகளுக்கு இது சிறிய அடி அல்ல.

1990 மே தேர்தலில் ஆங் சான் சூச்சியின் தேசிய ஜனநாயக லீக் 485இல் 392 இடங்களை வென்றும் இராணுவம் ஆட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. ஆகஸ்ட் 8 அன்று, எழுச்சியின் இரண்டாம் ஆண்டு நாளில், மண்டலேயில் பிக்குகள் பாத்திரமேந்தித் தெருவில் நடந்தார்கள், படை சுட்டது. அதைத் தொடர்ந்து பிக்குகள் இராணுவத்தினரிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் பிட்சை பெறுவதை நிறுத்தினார்கள். அக்டோபரில் நூற்றுக்கு மேற்பட்ட மடங்களில் சோதனை நடத்திய பிறகே அரசுக்கு மூச்சு வந்தது.

2007 இன்னும் தெளிவான சான்று. ஆகஸ்ட் 15 அன்று முன்னறிவிப்பின்றி டீசல் விலை இரண்டு மடங்கானது, வாகன எரிவாயு விலை ஐந்து மடங்கானது. பேருந்துக் கட்டணம் ஏறியது. ஆற்றங்கரையிலிருந்து மீனும் கிடங்கிலிருந்து எண்ணெயும் வண்டியில் வந்தாக வேண்டும் என்பதால் காலைச் சாப்பாட்டின் விலையும் கூடவே ஏறியது. மின் கோ நைங், கோ கோ ஜி முதலிய '88 தலைமுறை' மாணவர் தலைவர்கள் செய்தது ஒன்றே: பேருந்தில் ஏறாமல் நடந்தார்கள். ஆகஸ்ட் 21 இரவு கைதானார்கள். செப்டம்பர் 5 அன்று பகோக்கு நகரில், விலையேற்றத்தை எதிர்த்து நடந்த பிக்குகளைப் படையினர் அடித்தனர். 17ஆம் தேதிக்குள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பிக்குகள் அரசுக்குக் கெடு விதித்தனர். அரசு வாய் திறக்கவில்லை. கெடு முடிந்த மறுநாளே பாத்திரங்கள் கவிழ்ந்தன. 24ஆம் தேதி யாங்கோனில் (பழைய ரங்கூன்) நடந்த ஊர்வலம் ஒரு லட்சம் பேர் வரை திரண்டது என்று மதிப்பிடப்பட்டது.

நகைச்சுவைக் கலைஞர் சர்கனாரும் நடிகர் கியாவ் தூவும் ஷ்வேடகோன் பகோடாவில் பிக்குகளுக்கு உணவளித்தது அந்த நாளில்தான். மறுநாள் இரவு சர்கனார் கைதானார். கியாவ் தூ சில நாள் கழித்து. ஊர்வலம் போனதும் கோஷமிட்டதும் ஒருபுறம் இருக்க, சோறிட்டதும் குற்றப்பட்டியலில் ஏறியது. மணிமேகலையின் அமுதசுரபியால் சிறைக்கோட்டம் அறக்கோட்டமான கதையைப் படித்த நமக்கு இந்தத் திசைமாற்றம் உறைக்கும். அங்கே சிறையில் சோறிட்டவளின் சொல்லுக்கு மன்னன் இணங்குகிறான். இங்கே சோறிட்டவனை மன்னன் சிறையில் வைக்கிறான்.

அடுத்த ஆண்டு நர்கிஸ் புயலில் 1,30,000 பேருக்கு மேல் இறந்தோ காணாமலோ போனபோது, வெளிநாடுகள் உதவியாகத் தரும் சாக்லேட் இல்லாமலே டெல்டா மக்கள் தவளையும் மீனும் பிடித்துப் பிழைத்துக்கொள்வார்கள் என்று அரசுப் பத்திரிகை எழுதியது. அதற்குள் வெளியே வந்திருந்த சர்கனார் நண்பர்களைத் திரட்டி உணவு கொண்டுபோனார், வெளிநாட்டு ஊடகங்களிடம் பேசவும் செய்தார். விளைவு 59 ஆண்டுச் சிறைத்தண்டனை. பிறகு அது 35 ஆகக் குறைக்கப்பட்டது. 2011 அக்டோபரில் அவர் விடுதலையானார்.

சாத்திய கதவு

மலேசியாவின் கெடா நெல்வயல் கிராமம் ஒன்றை ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்காட், எளியவர்கள் எதிர்க்கும் விதத்தைப் பற்றி 1985இல் முன்வைத்த கருத்து புகழ்பெற்றது: மெதுவாக வேலை செய்வது, தெரியாதது போல் நடிப்பது, புறம் பேசுவது என்று அவர்கள் பெயர் வெளிவராத வழிகளையே தேர்கிறார்கள். தேநீர்க் கடைக் காலத்துக்கு இது அப்படியே பொருந்தும். 2021க்குப் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

இடையில் வந்த தேர்தல் அரசை 2021 பிப்ரவரி 1 அன்று இராணுவம் கவிழ்த்தது. மறுநாள் இரவு எட்டு மணிக்கு யாங்கோன் வீடுகளில் பானையும் தட்டும் முழங்கின. தீய ஆவியை விரட்டப் பாத்திரம் தட்டும் பழைய வழக்கம் அது. மருத்துவர்கள் தொடங்கிய ஒத்துழையாமை இயக்கத்தில் ஆசிரியர், ரயில்வே ஊழியர், வங்கி ஊழியர் என்று பலர் சேர்ந்தார்கள். இராணுவ நிறுவனங்களின் பீர், சிகரெட், தொலைபேசிச் சேவையைப் புறக்கணித்தார்கள். மின்கட்டணம் கட்ட மறுத்தார்கள். ஏப்ரல் 4, ஈஸ்டர் அன்று, முட்டைகளில் முழக்கம் எழுதி வைத்தார்கள். இவற்றில் சில கண்ணுக்கு அழகானவை, பத்திரிகைப் படங்களுக்கும் ஏற்றவை. நான் அவற்றைவிட முக்கியமாகக் கருதுவது மார்ச் 24 மௌன வேலைநிறுத்தத்தை. அன்று நகரங்களில் கடைகள் திறக்கவில்லை. சந்தை, தேநீர்க் கடை, தெருவோர மொஹிங்கா எதுவும் இல்லை. துப்பாக்கியோடு வந்தவர்களுக்கு எதிரே ஆள் கிடையாது.

இங்கே யாரும் மறைந்திருக்கவில்லை. சாத்திய கதவை ஊரே பார்க்கிறது. ஆனாலும் ஊரே சாத்தியிருப்பதால் தனியாக ஒருவரைச் சுட்டுவது கடினம். ஸ்காட் சொன்ன ஒளிவும் வெளிப்படையான கிளர்ச்சியும் ஒன்றில் ஒன்று கலந்த வடிவம் இது. அதனால்தான் அரசின் பதிலும் புதுமாதிரியாக இருந்தது. ஆட்சிக் கவிழ்ப்பின் முதலாண்டு நாளான 2022 பிப்ரவரி 1 அன்று மறுபடி மௌன வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு வந்தபோது, கடை சாத்துவோர் மீது பயங்கரவாத எதிர்ப்புச் சட்டம் பாயும் என்று அறிவித்தார்கள். 'அன்று கடை இல்லை' என்று முகநூலில் எழுதிய சிறு வியாபாரிகள் பலர் முன்கூட்டியே பிடிபட்டார்கள். வேறு நாடுகளில் ஊரடங்கு போட்டுக் கடையை மூடச்சொல்லும் இராணுவங்களைப் பார்த்திருக்கிறோம். இந்த இராணுவம் கடையைத் திறக்கச்சொல்லி மிரட்டியது.

ஆனால் மௌனத்துக்கும் விலை உண்டு, அதை ஏழையே முதலில் கட்டுகிறார். அன்றாடம் ஒரு பானை விற்றால்தான் மறுநாள் பானைக்கு மீன் வாங்க முடியும் என்ற நிலையிலுள்ள பெண்ணுக்கு ஒருநாள் கடை சாத்துவது அரைப் பட்டினி. மார்ச் 24 போராட்டம் நாள் முழுவதற்குமானது. 2021 டிசம்பர் 10 அன்றும் 2022 பிப்ரவரி 1 அன்றும் நடந்தவை காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை என்று குறிக்கப்பட்டன. பானையைக் காலிசெய்துவிட்டு வீட்டுக்குப் போகிறவளும் அதில் சேரலாம். ஆண்டு நிறைவுக் கட்டுரைகளில் இந்த நேரக் குறிப்பு வெறும் தகவலாகக் கடந்துபோகிறது. ஓர் இயக்கம் தன்னோடு வருபவர்களின் வயிற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளப் பழகியதன் தடயமாகவே நான் அதை வாசிக்கிறேன்.

2021 மே மாதத்துக்குள் 1,25,000 ஆசிரியர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டதாக ஆசிரியர் கூட்டமைப்பு சொன்னது. சம்பளம் நின்றபின் அவர்களில் சிலர் சமைத்து விற்கத் தொடங்கினார்கள். ஆட்சிக் கவிழ்ப்புக்கு முன் ஒரு டாலருக்குச் சுமார் 1,330 ஆக இருந்த கியாத், அடுத்த சில ஆண்டுகளில் வெளிச்சந்தையில் 4,000ஐத் தாண்டிச் சரிந்தது. இறக்குமதியாகும் பாமாயிலின் விலை அதன் பின்னாலேயே ஓடியது. வதக்குவதற்கும் வடை பொரிப்பதற்கும் எண்ணெய் இல்லாமல் மொஹிங்கா இல்லை. எனவே விற்பவர் கிண்ணத்தைச் சிறிதாக்க வேண்டும், அல்லது முட்டைக்குத் தனியாகக் காசு கேட்க வேண்டும். வெளிநாட்டுப் பர்மியர்கள் தங்கள் சங்கங்களின் உணவுச் சந்தைகளில் இதே மொஹிங்காவை டாலருக்கும் பவுண்டுக்கும் விற்று, வேலைநிறுத்தத்தில் இருப்பவர்களுக்குப் பணம் அனுப்பினார்கள். அங்கே அது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மதிய உணவு.