ஆற்றுவாழை

ஆறு + வாழை. கல்முனைப் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. மாரி மழையில் கிட்டங்கித் தாம்போதியை அடைத்துக்கொண்டு நிற்கும் பச்சைப் பாய்தான் அது. வெள்ளம் வடியாமல் வீதி மேலால் பாய, சவளக்கடைப் பக்கம் வயலுக்குப் போகிறவர்கள் கரையிலேயே நிற்க வேண்டிவரும்.

வாழைக்கும் இதற்கும் உறவில்லை. ஒன்றைப் பிடுங்கி இலைக்காம்பைக் குறுக்கே வெட்டினால் வாழைமட்டை போலக் காற்றறைகள் தெரியும். மிதக்க வைப்பவை அவைதான். அந்தக் காம்பின் வீக்கத்தை வெங்காயமாகக் கண்ட தமிழ்நாட்டார் ‘வெங்காயத்தாமரை’ என்றார்கள். சிங்களத்தில் ‘ஜப்பன் ஜபர’. பிறப்போ ஜப்பானில் அல்ல, தென்னமெரிக்காவின் அமேசன் படுகையில்.

ஊதாப் பூவின் அழகுக்காக 1900களின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தது. 1909இலேயே இதைத் தடுக்கத் தனிக் கட்டளைச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

இதையும் ‘சல்பீனியா’வையும் ஒன்றாகச் சொல்வோர் உண்டு. சல்பீனியா வேறு: பூக்காத நீர்ப் பன்னம், 1939இல் வந்தது. சல்வீனி என்ற இத்தாலிய அறிஞரின் பெயரால் அமைந்த சொல் அது.

ஆற்றுவாழையைப் போலவே, வாழைப் பெயர் தாங்கிய கல்வாழையும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. வந்தேறிக்கு வீட்டுமரத்தின் பெயரைச் சூட்டுவது நம் வழக்கம். பெயரால் உறவாகிவிட்டாலும், ஆறு இன்னும் ஆற்றுவாழையை ஏற்கவில்லை.