திணையும் பாலும் பிரெஞ்சும்: டோர்வல், மொன்றியல் தமிழர் மொழிக்கல்வி குறித்து

பிறமொழி கற்போரிடம் காணப்படும் வழுக்களுட் பல, அவர்கள் உடன்கொண்டு வந்த இலக்கணத்தின் தடங்களாம். யூரியல் வைன்ரைக் 1953இலும் இராபர்ட் லாடோ 1957இலும் இதனை விரித்துரைத்தனர். ஸ்பானியத் தாய்மொழியாளர் ஆங்கிலத்தில் எழுவாயை விட்டுவிடுவது பலரும் அறிந்த சான்று. ஸ்பானிய வினைவிகுதியே எழுவாயை உணர்த்திவிடும். தமிழ் வினைமுற்றும் அத்தன்மையதே. ஆதலின் இக்கோட்பாட்டைத் தமிழர்பால் வைத்து ஆராய மொன்றியல் தீவு தக்க களமாகிறது.

டோர்வல் விமான நிலையம் 1941இல் திறக்கப்பட்டது. 1983க்குப் பின் ஈழத்தமிழர் வந்திறங்கிய வாயில் இதுவே என எண்ணுதல் எளிது. எனினும் 1975 முதல் 1997 வரை கடல்கடந்து வந்த விமானங்கள் மிராபெல்லிலேயே இறங்கின. டோர்வலுக்கு உள்நாட்டு, அமெரிக்க விமானங்களே வந்தன. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரையோரம் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 தமிழருட் பலரும் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்றனர்.

மொன்றியல் வந்தோரை 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனம் எதிர்கொண்டது. குடிவரவாளரின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிகளிலேயே பயில வேண்டியவராயினர். 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தை நினைவிற் கொண்டிருந்தோர்க்கு இது கசப்பாகத் தோன்றியிருப்பின் வியப்பில்லை. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல: கனடாவில் பிரெஞ்சு சிறுபான்மை மொழி.

வகுப்பறையில் முதலில் இடறுவது பெயர்ச்சொற்களின் பாலே. தொல்காப்பியச் சொல்லதிகாரம் திணைப் பாகுபாட்டோடு தொடங்குகிறது. ஆண்பாலும் பெண்பாலும் உயர்திணைக்கே உரியன. பிரெஞ்சிலோ மேசை பெண்பால், நூல் ஆண்பால். பொருள்நோக்கிப் பால் பகுத்துப் பழகியவர்க்கு இது நன்னூலார் கூறும் திணைவழுவாகவே தோன்றும். அவர்தம் தடுமாற்றத்தை அறியாமை எனல் பொருந்தாது. முறையான வேறோர் இலக்கணம் அங்கே தொழிற்படுகிறது. முன்னரே கற்ற ஆங்கிலமும் இங்குத் துணைசெய்யாது. 1973க்குப் பின் மொன்றியல் வந்த சிலி நாட்டு ஏதிலியர்க்கோ இப்பாகுபாடு தாய்மொழியிலேயே வாய்த்திருந்தது. அவர்க்கும் தனிச்சொற்களில் இடர் உண்டு: அருந்தும் பால் ஸ்பானியத்தில் பெண்பால், பிரெஞ்சில் ஆண்பால்.

அடுத்தது வேற்றுமை. 'எனக்குப் பசிக்கிறது' எனத் தமிழ் நான்காம் வேற்றுமையால் உரைப்பதைப் பிரெஞ்சும் ஸ்பானியமும் 'நான் பசியை உடையேன்' என்னும் பாங்கில் உரைக்கின்றன. உடைமைக்கெனத் தனி வினை வேண்டாத தமிழர் இவ்வமைப்பைப் புதிதாகவே பயில வேண்டும். உடைமைவினைக்கு மாறாக இருத்தல்வினையை இட்டு அவர் தொடர் அமைப்பாராயின், அவ்வழு தமிழினும் ஆங்கிலத்துக்கே அணுக்கமானது. ஆகவே தாய்மொழியை மட்டும் நோக்குதல் போதாது. கற்போரின் வழுக்களுக்கும் ஓர் ஒழுங்குண்டு என்று 1967இல் பிட் கோர்டரும், அவர்கள் இடைநிலை மொழியொன்றைத் தாமே அமைத்துக்கொள்கின்றனர் என்று 1972இல் லாரி செலிங்கரும் கூறியவை இங்கு நினைக்கத்தக்கன.

தாய்மொழி இடையூறாக மட்டும் நிற்பதில்லை. 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாட்டில் வளர்ந்தவர்க்குப் பிரெஞ்சின் 'தூ', 'வூ' வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயர்க்கோ அதனை முதலிலிருந்து கற்பிக்க வேண்டும்.

2022இல் கியூபெக் சட்டமன்றம் நிறைவேற்றிய 96ஆம் சட்டவரைவு, சில விலக்குகள் நீங்கலாக, புதிதாக வந்தோருடன் ஆறு திங்களுக்குப் பின் அரசு பிரெஞ்சிலேயே தொடர்புகொள்ளும் என விதித்தது. பிரெஞ்சுக்கு உறவுமொழியான ஸ்பானியத்தோடு வருபவர்க்கும், பெயருக்குப் பின் உருபும் வாக்கிய இறுதியில் வினையும் கொண்ட தமிழோடு வருபவர்க்கும் அளவு அதே ஆறு திங்களே.