படகு எரிவாயுக் குழாய் அளவு

பிரித்தானியக் கால்வாய்ப் படகுகளில் சமையல் அடுப்புக்கும் வெந்நீர்க் கொதிகலனுக்கும் எல்.பி.ஜி. எரிவாயுவைக் கொண்டுசெல்லும் செப்புக் குழாயின் விட்டம். அங்குல அளவும் மில்லிமீட்டர் அளவும் ஒரே படகில் கலந்திருக்கக்கூடும் என்பதால், இணைப்பு வாங்குமுன் குழாயை அளப்பது அவசியம்.

செப்புக் குழாயின் அளவு அதன் வெளிவிட்டத்தைக் குறிக்கும். 1/4 அங்குலம் 6.35 மி.மீ.; 5/16 அங்குலம் 7.94, 3/8 அங்குலம் 9.53, 1/2 அங்குலம் 12.7. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, வளைவில்லாத இடத்தில் வெர்னியர் காலிப்பரால் இரு திசைகளில் அளக்க வேண்டும். சாதாரண அளவுகோலை நம்பக்கூடாது.

3/8 அங்குலமும் 10 மி.மீ.யும்தான் அதிகம் ஏமாற்றுபவை. வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. 10 மி.மீ. இணைப்பில் குழாயை இறுகப் பிடிக்கும் ஆலிவ் வளையம் 3/8 குழாயில் தளர்வாக நுழையும். நட்டை முறுக்கினால் பிடித்ததுபோல் தோன்றும். ஆனால் எஞ்சின் அதிர்வில் அது கசியலாம். காற்றைவிடக் கனமான எரிவாயு படகின் அடித்தளத்தில் தேங்கும். ஒரு பொறி போதும்.

புதிய குழாய்க்கு எவ்வளவு விட்டம் தேவை என்பது வேறு கணக்கு. எல்லா அடுப்புகளும் கருவிகளும் ஒருசேர எரியும்போது செலவாகும் வாயு, குழாயின் நீளம், முழங்கை இணைப்புகள் ஆகியவை அதைத் தீர்மானிக்கும். குழாய் சிறுத்தால் அழுத்தம் குறைந்து சுடர் தளரும். எல்.பி.ஜி. வகையான புரொப்பேனின் வழக்கமான வேலை அழுத்தமே 37 மில்லிபார்தான்.

வசிப்பிடப் படகுகளிலும் வாடகைப் படகுகளிலும் எரிவாயுக் குழாய் வேலையைக் 'கேஸ் சேஃப்' என்னும் எரிவாயுப் பணியாளர் பதிவேட்டில் உள்ளவரே செய்ய வேண்டும் என்பது சட்டம்.